பெரிய சிலுவையடியில் ஒரு மெழுகுவர்த்தி

எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் நம் போர்க்கப்பல் ஒன்று ஆட்களோடு மூழ்கிப்போனதாக ரேடியோ சொன்ன நாளிலிருந்து எனக்கு உறக்கம் போயிற்று. என் கணவர் கடற்படையில் வேறொரு கப்பலில் இருந்தார். சண்டை முடிந்து அவர் லீவில் வந்து போன பிறகும் பயம் மட்டும் போகவில்லை. அடுத்த நவம்பரில் அவர் மறுபடியும் கடலில் இருந்தார். கடிதம் வந்து வெகு நாளாகியிருந்தது.

முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் முத்தியால்பேட்டையில், பக்கத்து வீட்டு அத்தையின் புருஷன், இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு கடலில் மூழ்கிப்போனவர்; உடல் கிடைக்கவில்லை. அத்தைக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன்கூட வந்துகொண்டிருந்தது. ஆனாலும் ராத்திரியில் தெருக்கதவைத் தாழ் போடமாட்டார், சும்மா சாத்தி வைப்பார். "திருடனுக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கிறீங்களா அத்தை?" என்று கேலி செய்வேன். அத்தை தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

அந்த நவம்பரில், இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் கல்லறைத் திருநாளன்று, கல்லறைத் தோட்டத்துக்கு என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். எல்லாரும் அவரவர் கல்லறைக்குச் சுண்ணாம்படித்து, சாமந்தி தூவி வைத்திருந்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில்தான் மெழுகுவர்த்தி. அத்தை முந்தானை முடிச்சிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே ஏத்துடி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. புருஷனைக் கடலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் என் கையாலா அங்கே ஏற்றுவது?

"நான் மாட்டேன். வருஷா வருஷம் நீங்கதானே ஏத்துவீங்க?"

"ஒரு வருஷமும் ஏத்துனதில்ல. நான் ஏத்துனா அவரு செத்துட்டாருன்னு ஆயிடும். சிலுவையத் தொட்டுட்டுத் திரும்பிடுவேன். இப்ப வயசாயிடுச்சு. எனக்கப்புறம் அவருக்கு ஏத்த யாரு இருக்கா?"

மற்ற பெண்கள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தீக்குச்சியைக் கிழித்தேன். காற்று அணைத்தது. மறுபடி கிழித்து, அத்தையின் கையையும் இழுத்து என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பாதிப் பாவம் அவருக்கும் இருக்கட்டும் என்றுதான். திரி பற்றியதும் அத்தை புருஷன் பெயரைச் சொன்னார். அவரோடு அந்தக் கப்பலில் போன பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார். என் கணவர் பெயர் வாயில் வந்துவிடக் கூடாதென்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு, பக்கத்து வீட்டில் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. எழுந்து போய் எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு வந்து படுத்தேன்.