பத்து நிமிடச் சூடு

ஈரலில் புற்றுக்கட்டி இருப்பதாக மதுரையில் சொன்னபோது நான் அழவில்லை. எட்டாம் வகுப்பு பாதியில் வீட்டைவிட்டு ஓடியவன் நான். லாரியில் கிளீனராகப் போனேன், கொச்சியில் மீன் கூடை சுமந்தேன், கடைசியில் ஏலமலையில் செடிக்கு மருந்தடிக்க வந்து சேர்ந்தேன். நடுவில் இரண்டு முறை மஞ்சள் காமாலை வந்தது. இரண்டு முறையும் படுக்காமல் திரிந்தேன். ஈரல் எத்தனை நாள்தான் பொறுக்கும்?

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். வயிற்றைக் கிழிக்க வேண்டாம். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலாவுக்கு நடுவில் ஒரு நீள ஊசியைக் கட்டிக்குள் இறக்கி, அதன் நுனியைச் சூடாக்கி, கட்டியை உள்ளேயே வேகவைத்துவிடுவார்களாம். சூடு வைப்பது பத்து நிமிடம்தான்.

"இப்போ கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெருசு. பெரிய நெல்லிக்காய் அளவைத் தாண்டிட்டா ஊசி போதாது. அடுத்த வாரமே வாங்க. கையெழுத்துப் போட ஒரு சொந்தக்காரரைக் கூட்டிட்டு வாங்க."

எனக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணன். போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சூடு பார்ப்பவர். பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, விறகு எரித்து, நிறம் கெடாமல் உலர்த்தி எடுக்க வேண்டும். கதவிடுக்கில் முகத்தை நீட்டியே உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். அதனாலேயே உலகத்தில் சூட்டைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் தாம்தான் என்று நினைப்பு.

"பத்து நிமிசமா?" என்று சிரித்தார். "டேய், ஒரு தட்டுக் காய் காய ஒரு நாளாகுது. பத்து நிமிசத்துல தோலு கருகும், உள்ள பச்சையாத்தான் கெடக்கும். எந்த மடப்பய சொன்னது?"

"அது காய் இல்லண்ணே, கட்டி. காய வைக்கல, வேக வைக்கிறாங்க."

"எட்டாப்பு முடிக்காத பய எனக்குச் சூடு சொல்லித் தர்றியாக்கும்."

அவர் படித்தது ஐந்தாவது.

"தேவாரம் பக்கம் காமாலைக்குச் சூடு போடுறவரு இருக்காரு. மொதல்ல அங்க போட்டுக்க. கேக்காட்டி மதுரைக்கு வர்றேன்."

"நான் போகாட்டி?"

"அப்ப ஒத்தையில போயி நீயே கையெழுத்துப் போட்டுக்க."

போனேன். அதை எழுதவே கேவலமாக இருக்கிறது. மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்த அந்த ஆள், முந்தின நாள் யானை வந்து தன் மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டே கம்பியைக் காய்ச்சினார். யானையை விரட்ட வக்கில்லாதவர் புற்றை விரட்ட உட்கார்ந்திருந்தார். வலது விலாவில் மூன்று கோடு இழுத்தார். நான் பல்லைக் கடித்தேன். அண்ணன் பக்கத்தில் நின்று, கம்பியின் நிறம் சரியாக இருக்கிறது என்று மெச்சினார்.

நான்காம் நாள் சீழ் பிடித்தது. ஊசிக்குக் குறித்த நாளில் டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். புண்ணின் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"சூடும்மா," என்றார் அண்ணன். "நீங்க உள்ள போடப் போறத நாங்க வெரசா வெளிய போட்டோம்."

"நான் ஊசி இறக்க வேண்டிய இடமே இதுதான். சீழ் புண்ணு வழியா ஈரலுக்குள்ள ஊசி விடச் சொல்றீங்களா?"

மூன்று வாரம் மாத்திரை, கட்டு, காத்திருப்பு. புண் ஆறுவதற்குள் கட்டி நெல்லிக்காயைத் தாண்டிவிட்டால் ஊசி கிடையாது. எஸ்டேட் லயத்தில், வரிசை வீடுகளில் அண்ணனுக்குக் கொடுத்திருந்த ஒற்றை அறையில் படுத்து, தொட்டுத் தெரியாத ஒன்றைத் தினமும் தொட்டுப் பார்த்தேன். அண்ணன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "கம்பிய ஒரு நொடி முன்னால எடுத்திருக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

மறு ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. நூலிழையில் எல்லைக்குள் நின்றது. "இன்னும் பத்து நாள் போயிருந்தா உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பேன்," என்றார் டாக்டரம்மா. அண்ணன் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு மயக்கம் கொடுத்தார்கள். விழித்தபோது விலாவில் சின்னப் பிளாஸ்திரி. மறுநாள் பஸ்சில் போடிக்கு வந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்துப் பார்த்ததில் கட்டி செத்திருந்தது. இனி அவ்வப்போது ஸ்கேன் பார்க்க வேண்டும்.

போன வாரம் போடியில் ஜீப்பு நிற்கும் இடத்து டீக்கடையில் இருந்தோம். மலையடிவாரத்துக் குரங்கணிக்காரர் ஒருவர், கண் மஞ்சளித்துப்போய், எதிரில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைக் கேட்காமலே என் சட்டையைத் தூக்கினார்.

"பாருங்க, மூணு கோடு. ஈரல்ல கட்டி இருந்த பய. இப்ப கல்லு மாதிரி இருக்கான்."

மூன்று கோடும் விரல் தடிமனில் தழும்பேறிக் கிடந்தன. குரங்கணிக்காரர் மரியாதையோடு பார்த்தார்.

"அது இல்லங்க, என்னைப் பொழைக்க வச்சது இந்த ஊசிப் புள்ளி," என்று நான் அவருக்கு விரல் வைத்துக் காட்டினேன். "நீங்க மொதல்ல மதுரைக்குப் போங்க."

அவர் குனிந்தார். கண்ணைச் சுருக்கித் தேடினார்.

"எங்க தம்பி? ஒண்ணும் தெரியலயே."

அதற்குள் அண்ணன், தேவாரம் பஸ்சு எங்கே நிற்கும் என்று அவருக்குக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.