தொள்ளாயிரத்து அறுபதாவது கூட்டம்

இருதயராஜுக்கு மஞ்சள் காமாலை வந்த ஆண்டு, படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழ மாட்டேன், படுத்தபடியே போகிறேன் என்றார் இவர். தோல் ஏற்றும் மூன்று சக்கர வண்டியைக் கழுவி, அதில் மெத்தையை விரித்து, சங்கக் கட்டடத்தின் ஜன்னலோரம் நிறுத்தச் சொன்னார். உள்ளே பெயர் படித்தபோது படுத்தவாக்கிலேயே கையைத் தூக்கி "ஆஜர்" என்றார். கை அவ்வளவு மஞ்சளாக இருந்ததால் கடைசி வரிசைக்கும் பளிச்சென்று தெரிந்ததாம்.

ஆம்பூர் பாலாற்றங்கரை சேவைச் சங்கம் மாதத்தில் இரண்டாவது, நான்காவது புதன்கிழமைகளில் மாலை ஏழு மணிக்குக் கூடும். ஆண்டுக்கு இருபத்து நான்கு கூட்டம். 1985-இல் சேர்ந்த இருதயராஜ் ஒன்றைக்கூடத் தவறவிட்டதில்லை. நாற்பது ஆண்டு ஒரு கூட்டமும் தவறாதவருக்குப் பொன்முலாம் பூசிய ஒரு பேட்ஜ் உண்டு; அதைச் சட்டையில் குத்திக்கொண்டு மாதா கோவிலுக்கு ஒரு ஞாயிறு போய்வர வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. தலைவர் பதவியை மூன்று முறை கொடுத்தார்கள், மூன்று முறையும் மறுத்தார். தலைவர் ஒரு வருஷத்தில் மாறிப்போவார், பேட்ஜ் சவப்பெட்டி வரைக்கும் வரும் என்பது அவர் கணக்கு.

அவர் சங்கத்தில் சேர்ந்ததே ஒரு செருப்பால். அந்தக் காலத்தில் அது தோல் மண்டி முதலாளிகளும் டாக்டர்களும் வக்கீல்களும் கூடும் இடம். இருதயராஜோ ஷூ கம்பெனியில் லாஸ்டிங் செக்ஷன் சூப்பர்வைசர். அதாவது தைத்த மேல்தோலைக் கால் போன்ற அச்சில் ஏற்றி இழுத்து, அடியில் பசை தடவி, சோல் ஒட்டும் இடத்துக்குப் பொறுப்பு. ஒருநாள் ஏதோ விழாவுக்கு நாற்காலி போட வந்தவர், மேடையில் பேசிக்கொண்டிருந்த சங்கத் தலைவர் காஷிஃப் சாயபுவின் ஷூ வாயைப் பிளந்திருப்பதைக் கண்டார். சாயபு பேச்சை நிறுத்துகிறவர் இல்லை. இருதயராஜ் மேசைவிரிப்புக்கு அடியில் புகுந்து, பையில் எப்போதும் வைத்திருக்கும் சொல்யூஷன் பசையைத் தடவி, ஏழு நிமிடம் காத்திருந்து, சோலை அமுக்கி ஒட்டிவிட்டு வெளியே வந்தார். சாயபு அதற்குள் ஏழ்மை ஒழிப்பிலிருந்து மரம் நடுவதற்கு வந்திருந்தார். அடுத்த கூட்டத்திலேயே இவருக்கு உறுப்பினர் அட்டை.

ஏழு நிமிடம்தான் அவருடைய வேதம். பசை காயுமுன் ஒட்டினாலும் வாய் திறக்கும், காய்ந்த பிறகு ஒட்டினாலும் திறக்கும். சங்கத்தில் மணி அடிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்ததும் அதனால்தான். ஏழுக்குத் தொடக்க மணி, எட்டரைக்கு முடிவு மணி, தாமதமாக வருகிறவர் எவராக இருந்தாலும் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். இவர் வீட்டிலேயே பிரசவம் பார்த்துவிட்டு நேராக வந்த டாக்டரையே நிற்க வைத்தவர்.

சேவையில் அவருக்குக் குறை சொல்ல முடியாது. கண் சிகிச்சை முகாமில் பெஞ்சு தூக்கினார், ரத்தம் கொடுத்தார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரே குழியில் பதினான்கு வருஷம் மரக்கன்று நட்டார். ஒவ்வொரு வருஷமும் அதே வீட்டு ஆடு வந்து தின்றுவிட்டுப் போகும். சங்கத்தால் உருப்படியாகப் பயனடைந்த ஜீவன் அந்த ஆடுதான் என்று ஊரில் பேச்சு. பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம், அக்கரையில் மாட்டிக்கொண்டவர், ஜேசிபி வண்டியின் தோண்டும் கையில் உட்கார்ந்து கடந்து வந்தார். மழைக்கோட்டோடு அவர் வானத்திலிருந்து இறங்கியதைப் பார்த்த ஒரு கிழவி கும்பிட்டாளாம்.

வெளியூர் போக நேர்ந்தால் அதற்கும் சங்கத்தில் ஒரு வழி இருக்கிறது. போன ஊரில் வேறொரு சேவைச் சங்கத்தின் கூட்டத்தில் உட்கார்ந்து, சீட்டில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வந்தால், நம் கூட்டத்துக்கு வந்த மாதிரி. அப்படி ஆற்காட்டில், வேலூரில், சென்னையில் என்று பதினோரு சீட்டு வைத்திருந்தார். ஆற்காட்டுக்குப் போனால் மட்டும் வீட்டில் வரவேற்பு இருக்கும், அந்த ஊர் இனிப்பு மக்கன் பேடா வருமென்று.

பதினொன்றில் ஒரு சீட்டைப் பற்றித்தான் வீட்டில் இருபத்திரண்டு வருஷமாகப் பேச்சு ஓயவில்லை. 2003 மே மாதம், அவர் மகள் நிஷாவுக்குக் குடியாத்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பங்குச் சாமியாரிடம் தேதி வாங்கியது ஒரு இரண்டாவது புதன்கிழமை. வியாழனுக்கு மாற்ற முடியுமா என்று இருதயராஜ் கேட்டதாகவும், அவர் மனைவி அன்னம்மாள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டதாகவும் கேள்வி. மாலை வரவேற்பு. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மூன்று கட்டடம் தள்ளி மாடியில் குடியாத்தம் சங்கத்தின் கூட்டம் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தவர், மேடையிலிருந்து நழுவினார். சரியாக அந்த நேரத்தில்தான் போட்டோக்காரர் குடும்பப் படத்துக்கு எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். ஆல்பத்தில் இன்றைக்கும் பார்க்கலாம்: அன்னம்மாள், நிஷா, மாப்பிள்ளை ஜோசுவா, சம்பந்தி, நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு வெறும் சுவர்.

நாற்பதாம் ஆண்டின் கடைசிக் கூட்டம், தொள்ளாயிரத்து அறுபதாவது, சென்ற மாதம் வந்தது. பேட்ஜைக் குத்திவிட மாவட்ட ஆளுநர் பரணிதரனே வருவதாக ஏற்பாடு. பல சங்கங்களுக்குப் பொறுப்பானவர், லேசில் வரமாட்டார். சங்கச் செயலாளர் சோபனா கல்லூரியில் பாடம் எடுக்கிற பெண், எதையும் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் தூக்கம் வரும். பழைய சீட்டுகளையெல்லாம் ஸ்கேன் செய்தவள், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு இருதயராஜ் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்தக் குடியாத்தம் சீட்டு.

"அங்கிள், இந்த சீல பாத்தீங்களா?" என்றாள்.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். குடியாத்தம் விசைத்தறி லுங்கி உற்பத்தியாளர் சங்கம் என்று வட்டமாக இருந்தது.

நடந்தது அப்போதுதான் ஒவ்வொன்றாக அவருக்கு விளங்கியது. வெளிச்சம் அடிக்கிறது என்று போட்டோக்காரர் சொன்னதால் மூக்குக்கண்ணாடி அன்று அன்னம்மாளின் கைப்பையில் இருந்தது. மாடியில் இடதுபக்கம் ஒரு ஹால், வலதுபக்கம் ஒரு ஹால். எதில் மணி சத்தம் கேட்டதோ அதில் நுழைந்துவிட்டார். கோட்டும், நெஞ்சில் ரோஜாவுமாக ஒருவர் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததும், நூல் விலை ஏறிக் கவலையில் இருந்த தறிக்காரர்கள் கோயமுத்தூரிலிருந்து யாரோ பெரிய நூல் வியாபாரி வந்திருக்கிறார் என்று எண்ணி, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இருதயராஜுக்குத் தெரிந்தது ஒரே பேச்சு: அவசரப்பட்டாலும் ஒட்டாது, தாமதித்தாலும் ஒட்டாது, காத்திருக்க வேண்டிய அளவு காத்திருக்க வேண்டும். நூலை இப்போது வாங்காதே என்று சாடையாகச் சொல்கிறார் எனப் புரிந்துகொண்டு, எழுந்து கைதட்டி, அவர் நீட்டிய சீட்டில் முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள். காத்திருந்தார்கள், விலை இறங்கியது. அந்த வருஷம் குடியாத்தத்தில் புதிதாக மாடி வீடுகள் நான்கு எழும்பின. இரண்டு என்று சொல்கிறவர்களும் உண்டு.

சோபனா தாழ்ந்த குரலில், இதை ஏற்றாமலேயே விட்டுவிடலாம், யாரும் பார்க்கப் போவதில்லை என்றாள். முடியாது என்று இருதயராஜ் தலையை ஆட்டினார். பிரசவம் பார்த்து வந்த டாக்டரை நிற்க வைத்தவர், தன்னை உட்கார வைத்துக்கொள்வாரா?

அவள் போன பிறகு அன்னம்மாளிடம் போய்ச் சொன்னார். அவர் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

"அப்போ பொண்ணு போட்டோவையும் வுட்டுட்டு நீங்க போன மீட்டிங்கும் நம்ம மீட்டிங் இல்ல," என்றார்.

"இல்ல, அன்னம்மா."

"சரி. லுங்கியாவது ஒண்ணு வாங்கினு வந்திருக்கலாம்."

புதன்கிழமை ஆளுநர் பேட்ஜைப் பெட்டியிலிருந்து எடுத்த நேரம், இருதயராஜ் எழுந்து நின்றார். தாமதமாக வந்தவர்களை நிற்க வைக்கும் அதே இடத்தில் நின்று, சீட்டைத் தூக்கிக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். தறிக்காரர்கள் எழுந்து கைதட்டியதைச் சொன்னபோது சபையில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது. ஆளுநர் பரணிதரன் பாவம், கையில் பேட்ஜோடு விழித்தார். விதியை மீறிக் கொடுக்கவும் முடியாது. இருதயராஜ் பெயர் பொறித்தாகிவிட்டது, திருப்பி எடுத்துப் போகவும் முடியாது. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு எண்ணினால் இருபத்திரண்டு வருஷம் தவறவில்லையே, இன்னும் பதினெட்டு வருஷம்தான் என்று ஆறுதல் சொன்னார்.

"அப்போ எனக்கு எண்பத்தெட்டு வயசு சார்," என்றார் இருதயராஜ்.

"அதுக்கென்ன, மெத்தை இருக்குது, வண்டி இருக்குது," என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல். அன்னம்மாள் எழுந்து மேடைப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றார் ஆளுநரிடம். "இவரு நாப்பது வருஷம் போனாரு, ஒரு வாட்டி தப்பா போயிட்டாரு. நான் நாப்பது வருஷம் அனுப்பி வெச்சேன். சட்டைய இஸ்திரி போட்டு, ஆறரைக்கு டீ குடுத்து, ஒரு புதன்கூட வுட்டதில்ல. குடியாத்தத்துல கூட, மாப்பிள்ள வீட்ல மாமா எங்கன்னு கேட்டாங்க. வயிறு சரியில்லன்னு சொல்லிச் சமாளிச்சேன். எனக்கு யாரும் சீல் வெக்கல. அதுல தப்பும் இல்ல."

ஆளுநர் சோபனாவைப் பார்த்தார். சோபனா விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். உறுப்பினர் வருகையைப் பற்றிப் பதினேழு விதி இருந்தது. உறுப்பினரை அனுப்பி வைப்பவரைப் பற்றி ஒன்றுமில்லை. ஆகவே மீறுவதற்கும் ஒன்றுமில்லை என்றாள். பெயர் மட்டும் உதைக்கிறதே என்றார் ஆளுநர். திருமதி இருதயராஜ் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

பேட்ஜைப் புடவையில் குத்தியது இருதயராஜ்தான். ஊசி வழுக்கியதில் அன்னம்மாளுக்கு ஒரு குத்து விழுந்தது. அதையும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன் என்றார் அவர்.

போட்டோக்காரர் இருவரையும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, விளக்கைச் சரிசெய்யத் தொடங்கினார். அப்போது கடிகாரம் எட்டரையைத் தொட்டது. முடிவு மணி அடிக்க வேண்டும். சபை முழுவதும் இருதயராஜைப் பார்த்தது. அவர் மேசைமேல் இருந்த மணியைப் பார்த்தார், அன்னம்மாள் கேமராவைப் பார்த்தார். இருதயராஜின் ஒரு கால் தன்னால் நகர்ந்தது. பிறகு திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றது. கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, கழற்றுங்கள் என்றார் போட்டோக்காரர். கழற்றவே மாட்டேன் என்றார் இவர்.

அன்றைய பதிவேட்டில் கடைசி வரி இருதயராஜ் தன் கையால் எழுதியது: கூட்டம் நான்கு நிமிடம் தாமதமாக முடிந்தது; தவறு செய்தவர் மணி அடிப்பவர்; காரணம் போட்டோ.