மகள் சொன்ன ‘எப்பா’

நான் இலங்கையில் றக்வான பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுப்பவள். மகள் தர்ஷிக்கு ஐந்து வயது. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளை. இப்படியான பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராய்கிறவர்கள் என் போனுக்கு ஒரு படிவம் அனுப்பினார்கள். ‘தண்ணீர்’ என்று சொல்வாளா? ‘வேண்டாம்’ என்று சொல்வாளா? வரிசையாக ‘இல்லை’ போட்டு அனுப்பினேன்.

பேசும் சொற்கள் மிகக் குறைவு என்று பதில் வந்தது. அதைப் படித்த என் கணவர், “படிச்சவங்களே சொல்லிட்டாங்க. இவளுக்கு ஸ்கூலு சரிவராது” என்று, அவளுக்கு வாங்கியிருந்த ஸ்கூல் பையை அலமாரி மேல் போடப் போனார். தர்ஷி பையைப் பிடித்து இழுத்து, “எப்பா” என்றாள்.

சிங்களத்தில் அது ‘வேண்டாம்’. நான் வேலைக்குப் போனதும் அவளைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்ளும் அக்கா சிங்களம்தான் பேசுவார். ‘வத்துர’ என்று கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்தவள் நான். தமிழில் சொல்வதில்லையே என்று படிவத்தில் ‘இல்லை’ போட்டவளும் நானே.

உடனே ஆராய்ச்சி செய்யும் மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன்.

“எந்த பாஷையா இருந்தாலும் போடலாம்னு மேலேயே எழுதியிருந்தோமே” என்றார்.

“நான் வாசிக்கல மிஸ், தப்பு என்னுதுதான். படிவத்த திரும்ப அனுப்புங்க. என் புள்ள பேசுவா.”

இப்போதெல்லாம் அவள் சொல்வதை, எந்த மொழியானாலும், அன்றன்றே எழுதி வைத்துக்கொண்டுதான் அவர்கள் அடுத்தடுத்து அனுப்பும் படிவங்களைத் தொடுகிறேன். ஸ்கூல் பை கதவோரம் ஆணியில் தொங்குகிறது. அதை எடுத்துப் போட யார் கை வைத்தாலும், அவள் சொல்வதற்கு முன்பே நான் சொல்வேன், எப்பா.