தோணியில் வந்த குரல்

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த நாட்களில், ஒரு தோணிச் சத்தத்தோடுதான் எனக்குப் பொழுது விடியும். நான் விஞ்ஞான ஆசிரியை. வீடு வாவியின் இந்தக் கரையில், பள்ளிக்கூடம் எதிர்க்கரையான படுவான்கரையில். அங்கே சிக்னல் என்பது பெயருக்குத்தான்.

"புத்தகத்தைப் பார்த்துச் சொல்லாதீங்க, வெளியே போய்ப் பார்த்துப் பேசி அனுப்புங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒருத்தி இரவே போனில் பேசிப் பதிந்து வைத்துவிடுவாள். மீன்பிடிக்கப் போகும் அவளுடைய அப்பா அந்தப் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி நடு வாவிக்குக் கொண்டுபோவார். அங்கே சிக்னல் பட்டதும் அவள் குரல் என்னிடம் வந்துவிடும். நண்டு வளைக்குள் தண்ணீர் ஏறும் விதம், கண்டல் வேரில் ஒட்டியிருக்கும் சிப்பி. பாயில் கண்மூடிக் கிடந்தபடியே நான் அவளோடு அந்தக் கரையில் நடப்பேன்.

கடைசியில் அப்பாவும் ஒன்று பேசி அனுப்புவார், துடுப்புச் சத்தத்தோடு: "டீச்சர், பிள்ள பேசினது வந்திட்டா?" இது வந்தால் அதுவும் வந்திருக்கும் என்று மனிதருக்குத் தோன்றவே இல்லை. "வந்திட்டு" என்று நானும் தவறாமல் பதில் போடுவேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. அவள் வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பாள். அந்தக் குரலைக் கனவில்தான் கேட்டேனோ என்று பயந்துபோனேன். அதை இழக்க எனக்கு மனமில்லை.

மாரி வெள்ளம் வடிய வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்ட வாரம் அது. கடல் உள்ளே வரும்; வாவித் தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்த்துப் பேசி வரச் சொன்னேன். மறுநாள் அவள் போனை நீட்டினாள். "எல்லாருக்கும் போடட்டா?" என்றேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

சின்ன ஸ்பீக்கரில் அவள் குரல் வகுப்பை நிறைத்தது. "எங்கட துறையில தண்ணி இன்னும் உப்பாகல்ல."

யாருடைய குரல் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான்: "பிழை டீச்சர்! கடல் வந்தா உப்பாத்தானே இருக்கும்."

"இல்ல!"

அவள் எழுந்து நின்றிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"நான் நக்கிப் பாத்தனான். வா, நீயும் வந்து நக்கிப் பாரு!"

வகுப்பே சிரித்தது. பாடத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லோரையும் துறைக்குக் கூட்டிப்போனேன். வழி நெடுக முன்னால் நடந்தபடி அவள்தான் பேசிக்கொண்டு வந்தாள்.