மட்காட்டில் அடைத்த ஓட்டை

கனகசுந்தரத்தாருக்கு வாய் சும்மா இராது. வேலை துறைமுகத்தில கிளாக்கர். ஆனால் றோட்டில ஒரு யப்பான் ஸ்போர்ட்ஸ் கார் போனால் போதும், எந்த வருசத்து மொடல், எந்த நாட்டுக்கெண்டு செய்தது எண்டு சொல்லிப்போட்டுத்தான் மூச்சு விடுவார். கேட்க ஆள் இருக்கோ இல்லையோ, அது வேற கதை. கப்பல்காரர் குடுத்த விளம்பரப் புத்தகங்களில பழகின கண். யப்பானுக்குள்ள ஓடவெண்டு செய்த பழைய கார்களில பின்னால பாக்கிற பக்கக்கண்ணாடி, முன் சில்லை மூடுற மட்காட்டுக்கு மேல நிக்கும். வெளிநாட்டுக்கு அனுப்பினதில கதவில நிக்கும். இது தெரியாதவனை அவர் ஒரு மனிசனாவே மதிக்கிறேல்ல. நுணலும் தன் வாயால் கெடும் எண்டு மனிசி குணேஸ்வரி சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனா.

எண்பத்தைந்தாம் ஆண்டு கந்தளாய் றோட்டில குண்டு வெடிச்சுது. மட்காட்டில கண்ணாடி வைச்ச சிவப்பு யப்பான் கார், செலிகா ஒண்டு அங்கயிருந்து பறந்ததை ஆரோ கண்டிருக்கினம். இந்தப் பக்கத்தில சிவப்பு செலிகா வைச்சிருந்தது கிண்ணியா புடவை யாவாரி றஊப் மட்டும்தான். காரையும் ஆளையும் ஆமிக்காரர் முகாமுக்குக் கொண்டுபோயிட்டாங்கள். ஆனால் றஊப்பின்ர காரில கண்ணாடி கதவிலயெல்லோ இருந்தது! அதால அவங்களுக்கும் குழப்பம். கார் தெரிஞ்ச ஆளெண்டு கனகசுந்தரத்தாரைக் கூப்பிட்டாங்கள்.

போற வழியெல்லாம் என்ன பொய் சொல்லலாமெண்டு யோசிச்சுக்கொண்டு போனார். ஏனெண்டால் றஊப்பின்ரது யப்பானுக்குள்ள ஓடவெண்டே செய்த அசல் யப்பான் கார். மட்காட்டுக் கண்ணாடி பாக்க ஏலாதெண்டு றஊப்பின்ர பெண்சாதி ஜெஸீமா சொல்ல, ரெண்டு வருசத்துக்கு முந்தி அதைக் கழட்டி, ஓட்டைக்குப் பட்டி பூசி அடைச்சு, கதவில புதுசு பூட்டச் சொன்னதே இவர்தான். றஊப் ஒரு பாவமும் அறியாத மனிசன். எண்டாலும் உண்மையைச் சொன்னால், குண்டு வெடிச்ச பிறகு மாத்தினதெண்டுதானே சொல்லுவாங்கள்? பிறகு றஊப்பை ஆர் உயிரோட காணுறது?

முகாம் முற்றத்தில வெயில் கொளுத்தினது. சுவரோரமாக் கை கட்டினபடி றஊப் குந்தியிருந்தார். அதிகாரி இளந்தாரி, சத்தம் போடாத ஆள். முற்றத்தில நிண்ட சிவப்புக் காரைக் காட்டி, இது யப்பானுக்கெண்டு செய்ததோ எண்டு சிங்களத்தில கேட்டார். கனகசுந்தரத்தார் பத்திரகாளி அம்மாளை நினைச்சார்.

"இல்லை சேர். எழுபத்தெட்டு மொடல், வெளிநாட்டுக்கு அனுப்பினது. துவக்கத்திலயிருந்தே கண்ணாடி கதவிலதான்."

கார் விசயத்தில அவர் வாயால வந்த முதல் பொய் அது. அதிகாரி கதவுக் கண்ணாடியை ஒருக்காப் பாத்தார். பிறகு தலையாட்டி, றஊப்பின்ர கட்டை அவிழ்க்கச் சொன்னார். அப்பாடா எண்டு இவர் அம்மாளுக்கு ஒரு தேங்காய் நேந்துகொண்டார். இனியாவது அந்த வாயை மூடியிருக்கலாம்.

வேப்பமரத்தடியில நிண்ட தன்ர நீலக் காரைக் காட்டி, அதிகாரி சிரிச்சபடி, இது என்ன காரெண்டு சொல்லும் பாப்பம் எண்டார்.

"நிசான் சில்வியா, எழுபத்தொன்பது. இது அசல் யப்பான், சேர். மட்காட்டுக் கண்ணாடியைக் கழட்டி ஓட்டைக்குப் பட்டி பூசியிருக்கினம். கண்ணுக்குத் தெரியாது, விரலால தடவினால் தெரியும்."

சொல்லி முடிச்ச பிறகுதான் தான் என்ன சொன்னதெண்டு அவருக்கு விளங்கினது.

அதிகாரி தன்ர காரின்ர மட்காட்டைப் பெருவிரலால தடவிப் பாத்தார். ஓரிடத்தில விரல் நிண்டுது. சிரிப்பும் நிண்டுது. சிவப்புக் காரடிக்கு நடந்தார். கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்த ஆமிக்காரன் கையை எடுத்துப்போட்டுப் பாத்தான். அந்தப் பெருவிரல் சிவப்பு மட்காட்டில மெள்ள மெள்ளப் போச்சு. அம்மாளே, வழுக்கிப் போகட்டும் எண்டு கனகசுந்தரத்தார் உள்ளுக்குள்ள கதறினார். அது வழுக்கேல்ல. அதே இடத்தில நிண்டுது.

றஊப் அதிகாரியைப் பாக்கேல்ல, கனகசுந்தரத்தாரைத்தான் பாத்தார்.

கயித்தைத் திரும்பக் கட்டச் சொன்னார் அதிகாரி. இன்னொரு கயிறும் கொண்டுவரச் சொன்னார்.