ஹரோ வீட்டுக்கு வைரவராகப் போன சுமோ வீரர்

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெற்றோல் ஷெட், கோழிக்கடை, லொறி என்று மாறி மாறி, லண்டன் விம்பிள்டனில் சிவா அண்ணையின் படச்சட்டக் கடைக்கு வந்தேன். ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார். மூன்றாம் கிழமையே வேலை போகப் பார்த்தது.

படத்தை வாடிக்கையாளருக்குக் காட்டிய பிறகே சுற்றிக் கொடுப்பது கடை வழக்கம். சாமிப் படத்துக்கு மட்டும் விலக்கு. அதைப் புது வீட்டில் பால் காய்ச்சும்போதுதான் பிரிப்பார்கள்.

அன்று ஒரே அளவில் இரண்டு படங்கள். ஒன்று நாய் வாகனத்தோடு வைரவர். ஹரோவில் குடிபுகும் தங்கைக்காகக் கனடாவிலிருந்து ஒருவர் போனில் ஓடர் கொடுத்தது. மற்றது ஒரு வெள்ளைக்காரரின் பழைய ஜப்பானிய மரஅச்சுப் படம். குடுமி, கோவணம், பெருந்தொந்தியோடு ஒரு சுமோ வீரர் கண்ணை உருட்டிக்கொண்டு நின்றார். வழக்கத்தை மறந்து இரண்டையும் பேப்பரில் சுற்றிவிட்டுத்தான் நான் பெயர் எழுதினேன். ஹரோப் பொதியைத் தங்கையின் கணவர் வந்து எடுத்துப் போனார்.

மறுநாள் மத்தியானம் சிவா அண்ணை மற்றப் பொதியைப் பிரித்தார்.

“டேய், இவர் நாயோட நிக்கிறார். மற்றவர் எங்கை?”

“ஹரோவில போல கிடக்கு, அண்ணை.”

“நாலு மணிக்கு அந்தாள் வரும். படம் இல்லையெண்டா நீயும் இல்லை.”

வைரவரைக் கடையின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். ஹரோ வீட்டுச் சாமியறையில் சுமோ வீரர் மாலையும் சந்தனப் பொட்டுமாக நின்றார். முன்னால் பொங்கல்.

“அக்கா, உங்களுக்குச் சந்தேகம் வரேல்லையோ?”

“அண்ணர் என்ர மனுசன்ர ஊர் வைரவரைத்தான் அனுப்பியிருக்கிறார் எண்டு நினைச்சன்.”

“நான் உன்ர ஊர் வைரவர் எண்டெல்லோ நினைச்சனான்!” என்றார் கணவர். “உங்கட ஆக்களுக்கும் இப்பிடித்தானே தொந்தி!”

“இவர் ஜப்பான் மல்யுத்தக்காரர், அக்கா. நாலு மணிக்கு முதல் கொண்டுபோகாட்டி என்ரை வேலை போயிடும்.”

அக்கா படத்தை ஒருமுறை பார்த்தார். “கும்பிட்டாச்சே, தம்பி. வெறுமனே அனுப்ப ஏலாது.”

முதலில் வைரவரை மாட்டச் சொன்னார். பிறகு சுமோ வீரருக்கு இன்னொரு கரண்டி பொங்கல் படைத்துக் கற்பூரமும் காட்டினார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாலையைக் கழற்றி, பொட்டைத் துடைத்து, நாலுக்குப் பத்து நிமிடம் இருக்கக் கடைக்குள் ஓடினேன். சிவா அண்ணை சட்டத்தைத் திருப்பி, பின்பக்க டேப்பை நகத்தால் தடவிப் பார்த்தார். இரண்டு சுற்று ஒட்டியிருந்தேன். புகையோ தண்ணீரோ உள்ளே போகவில்லை.

வெள்ளைக்காரர் படத்தை முகத்தருகே தூக்கினார். “நெய் மணக்கிறதே?”

“பெரிய உடம்பு, சேர்,” என்றார் சிவா அண்ணை ஆங்கிலத்தில். “சாப்பிடாமல் வருவாரா?”

அவர் சிரித்துக்கொண்டே படத்தைக் கொண்டுபோனார். சிவா அண்ணை சிரிக்கவில்லை. “நாளைக்கு நேரத்துக்கு வா” என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பெயரை எழுதிவிட்டுச் சுற்றுங்கள். சாமியானாலும் முகத்தை ஒருமுறை காட்டுங்கள். டேப்பை மட்டும் எப்போதும் இரண்டு சுற்று ஒட்டுங்கள். படம் எந்த வீட்டில் பொங்கல் சாப்பிடும் என்று நமக்குத் தெரியாது.