இரண்டு வாய்ப் பூதம்

பூதத்தைச் செய்தது நாங்கள். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

இரத்தினபுரிப் பக்கம், பஸ் நிற்கும் ஒரு சின்ன டவுனில் எங்கள் பள்ளிக்கூடம். கடைக்காரர் பிள்ளைகளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தோம். ஆறாம் வகுப்பில் தமிழ் டீச்சர் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்து ஒரு புது வேலை தந்தார். பாதி வகுப்பு ஒரு பூதத்தை வர்ணித்து எழுத வேண்டும். மீதிப் பாதி, அதை வாசித்துப் பார்த்து அந்தப் பூதத்தைச் செய்ய வேண்டும். நல்ல யோசனைதான். வகுப்பைப் பிரித்த விதத்தில்தான் எனக்கு வயிறெரிந்தது.

"டவுன் பிள்ளைகள் எழுதுங்க. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைவேலை நல்லா வரும்."

கட்டுரைக்கு வகுப்பிலேயே கூடுதல் புள்ளி எடுப்பவள், தோட்டத்துப் பிள்ளையான நான். டீச்சருக்கு அது தெரியாமல் இல்லை.

வர்ணனை வந்தது. 'பூதம் மிகவும் பயங்கரமானது. அதை வர்ணிக்க வார்த்தைகளே இல்லை.' வார்த்தை இல்லாதவர்கள் எதற்காக எழுத உட்கார்ந்தார்களோ! கால் எத்தனை என்று கேட்டேன். கேள்வி கேட்கக் கூடாதாம், அதுதான் விதியாம்.

எங்களுக்குத் தெரிந்த பயங்கரம் அட்டைதான். மழைக்காலத்தில் பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் எங்கள் காலில் அது இரத்தம் குடித்து முடித்திருக்கும். பழைய சாக்கில் சருகை அடைத்து, கதவுயரத்துக்கு ஓர் அட்டைப் பூதம் செய்தோம். ரப்பர் பால் வடிக்கும் சிரட்டைகள் கண்களாயின. சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலை இழை இழையாக உரித்துத் தலைமயிராக ஒட்டினோம். முன்னால் ஒரு வாய், பின்னால் ஒரு வாய். எட்டிப் பார்த்த முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

கண்காட்சிக்கு முந்தின நாள் டீச்சர், எழுதிய பிள்ளைகளைக் கூட்டிவந்து எங்கள் பூதத்தைச் சுற்றி உட்கார வைத்தார். அதைப் பார்த்துப் பார்த்து வர்ணனையைப் புதிதாக எழுதினார்கள். 'முன்னும் பின்னும் வாய்கள்' என்று, என்னவோ அவர்களே கனவில் கண்டதுபோல! அது அழகான கடதாசி மட்டையில் ஏறியது. கீழே அவர்களுடைய பெயர்கள் மட்டும்.

"எங்க பேரு, டீச்சர்?"

"இது தமிழ்ப் பாடக் கண்காட்சி. எழுதினவங்க பேர்தான் வரும்."



அம்மா அரை நாள் வேலையை விட்டு, நல்ல சேலை உடுத்திக்கொண்டு கண்காட்சிக்கு வந்தாள். விரலை வைத்து வர்ணனையை வாசித்தாள். பெயர்களைத் திரும்பவும் வாசித்தாள்.

"நீங்க தானே இதச் செஞ்சீங்க?"

நடந்ததையெல்லாம் கொட்டினேன். அம்மா சண்டை போடுவாள் என்று நம்பினேன். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு கிலோவைக் குறைத்தால் கணக்கப்பிள்ளையையே நிற்க வைத்துக் கேட்பவள் அவள். இங்கே டீச்சரின் பக்கம்கூடத் திரும்பவில்லை. வெற்றிலை சுற்றி வைத்திருந்த சிவப்புத் துணியின் ஓரத்தைக் கிழித்தாள். பூதத்தின் பின்வாய்க்குப் பக்கத்தில் சாக்கோடு சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இப்ப சரி" என்று சொல்லிவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. டவுன் பிள்ளைகள் அந்தக் கந்தையைப் பார்த்துச் சிரித்தார்கள். பெயரையும் பிடுங்கிக்கொண்டார்கள், இருந்த அழகையும் என் அம்மாவே கெடுத்துவிட்டாள் என்று டீச்சரைவிட அவள்மேல்தான் எனக்கு ஆத்திரம். துணியை அவிழ்த்துக் குப்பையில் எறிந்தேன்.

பிறகொரு லீவில், அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய் முதல்முறையாக மடுவத்தில் நின்றேன். நிறுக்கக் காத்திருந்த சாக்குகள் எல்லாம் ஒன்றுபோலவே கிடந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒவ்வொரு நிறத்தில் ஒரு துணி கட்டியிருந்தது. யாரும் யாருடைய சாக்கையும் தொடவில்லை. சிவப்புத் துணி கட்டிய சாக்கு தராசில் ஏறியபோது, யாரிடமும் கேட்காமலே கணக்கப்பிள்ளை அம்மாவின் பெயரைச் சொன்னார்.

கண்காட்சியன்று அந்த முடிச்சு லேசில் அவிழவில்லை. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.